செலவும் தெளிவும்: தந்தையுடன் இமயம் சென்ற சிறுவன்



'செலவு' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் இக்காலத்தார் கைப்பணம் கரைவதையே நினைப்பர். பழந்தமிழில் அச்சொல் வழிச்செல்லுதலையும் குறித்து நின்றது. பொருள் தேடப் புறப்பட எண்ணிய தலைவன், தலைவியின் வருத்தம் கண்டு பயணத்தைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்கல்' என்று நம் இலக்கண நூலார் ஓர் அகத்துறையாகவே வகுத்தனர். ஆகவே ஒரு பயணத்தில் இருவகைச் செலவுகள் உள. கால்கள் செல்லும் செலவு ஒன்று. கைப்பொருள் செல்லும் செலவு மற்றொன்று. இவ்விரண்டிற்கும் ஈடாக உள்ளத்தில் ஏதேனும் வரவு உண்டாயிற்றா என்று கணக்குப் பார்ப்பவர் மிகச் சிலரே.

சித்திரை, வைகாசித் திங்கள்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. குடும்பத்தார் ஒன்றுகூடி, வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, தலப்பயணமோ மலைப்பயணமோ மேற்கொள்ளுதல் நம் நாட்டில் பெருவழக்காகிவிட்டது. அவ்வண்டியின் பின்னிருக்கையில் பதின்மூன்று, பதினான்கு அகவையுடைய பிள்ளை ஒன்று சன்னலோரம் அமர்ந்திருக்கும். 'இறங்கு' என்றால் இறங்கும். 'ஏறு' என்றால் ஏறும். 'கும்பிடு' என்றால் கும்பிடும். மூன்று நாளில் இருபது தலங்களைக் கண்டு வீடு திரும்பிய பின்னர், அப்பிள்ளையிடம் 'நீ என்ன கண்டாய்?' என்று வினவினால் விடை வாராது. மூட்டைகளோடு மூட்டையாகச் சென்று வந்த ஒருவரிடம் வேறு என்ன விடையை எதிர்பார்ப்பது?

பிள்ளைப் பருவம் கழிந்து இளமை அரும்பும் அவ்வயதில், 'நான் யார்? எனக்கு எது இயலும்?' என்னும் வினா ஒவ்வோர் உள்ளத்திலும் எழுகின்றது. அதற்கு விடை காண வீட்டினும் வழியே சிறந்த இடம். ஆயினும் வழி தானாகவே எதையும் கற்பித்துவிடாது. உடன் செல்லும் பெரியவர் சில செய்தல் வேண்டும். சிலவற்றைச் செய்யாது விடுதலும் வேண்டும். இதனை விளக்க, ஒரு தந்தையும் ஒரு மகனும் 1873ஆம் ஆண்டில் மேற்கொண்ட பயணம் ஒன்றை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம். மகன், பிற்காலத்தில் கவியரசர் எனப் போற்றப்பெற்ற இரவீந்திரநாத தாகூர். தந்தையார், மகரிஷி என வழங்கப்பெற்ற தேவேந்திரநாதர். இப்பயணத்தைக் கவிஞரே 1912இல் நூலாக வெளிவந்த 'ஜீவன் ஸ்மிருதி' என்னும் தம் இளமை நினைவுகளில் விரித்துரைத்துள்ளார்.

வட்டத்துள் வளர்ந்த பிள்ளை

இரவீந்திரநாதர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியில் அமைந்த பெருமாளிகையில் பிறந்தார். செல்வக் குடும்பம், உடன்பிறந்தார் பலர், அவருள் உயிருடன் வளர்ந்த கடைக்குட்டி இவரே. தந்தையார் ஆண்டின் பெரும்பகுதியை இமயமலைச் சாரலிலும் பிற இடங்களிலும் கழித்தமையால், மகனுக்கு அவர் ஏறத்தாழ ஒரு விருந்தினர் போலவே இருந்தார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பணியாளர்கட்கு உரியதாயிற்று.

அப்பணியாளருள் ஒருவர், சிறுவனை ஓரிடத்தில் அமர்த்திச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் இட்டு, 'இதனைத் தாண்டினால் பெருங்கேடு வரும்' என்று அச்சுறுத்திவிட்டுத் தம் போக்கில் போய்விடுவாராம். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்ததைக் கதையிற் கேட்டிருந்த சிறுவன், நடுங்கி அவ்வட்டத்துள்ளேயே இருப்பான். சன்னல் வழியே தெரிந்த ஒரு குளமும் அதன் கரையில் நின்ற ஓர் ஆலமரமுமே அவன் கண்ட உலகம். பள்ளியோ அவனுக்குக் கசந்தது. பள்ளிகள் மாறின, கசப்பு மாறவில்லை.

சுண்ணக்கோடு அழிந்துபோகும், அது மனத்துள் இட்ட கோடு எளிதில் அழியாது. தாண்டினால் தீங்கு வரும் என்று மட்டும் கற்ற பிள்ளைக்குத் தாண்டினால் என்ன காணலாம் என்பது தெரியாது. இந்நிலையில் இருந்த சிறுவனுக்குத்தான் அப்பயணம் வாய்த்தது.

புறப்பாடு

1873 பிப்ரவரியில் இரவீந்திரநாதருக்கும், அவர் தமையனார் ஒருவருக்கும், தமக்கையார் மகன் சத்தியப்பிரசாதனுக்கும் பூணூற்சடங்கு நிகழ்ந்தது. சடங்கின்பொருட்டுத் தலை மழிக்கப்பெற்றது. மொட்டைத் தலையோடு பள்ளிக்குச் சென்றால் உடன்பயிலும் பிள்ளைகள் எள்ளி நகையாடுவரே என்று சிறுவன் கலங்கிக்கொண்டிருந்த வேளையில், தந்தையார் மாடியறைக்கு அழைத்து, 'என்னுடன் இமயத்திற்கு வருகின்றனையா?' என்று வினவினார். 'போக வேண்டும்' என்று ஆணையிடவில்லை; விருப்பத்தைக் கேட்டார் என்பது ஈண்டுக் கருதற்பாலது. வானமே அதிரக் கூவி உடன்பட வேண்டும் போல் இருந்தது சிறுவனுக்கு.

வாழ்வில் முதன்முறையாக அவனுக்கென்றே முழு உடைத்தொகுதி ஒன்று தைக்கப்பெற்றது. மொட்டைத் தலைக்குப் பொன்னிழை பின்னிய வெல்வெட்டுத் தொப்பியும் வந்தது. இரயிற்பெட்டியில் அவன் அதனைக் கழற்றும்போதெல்லாம் தந்தையாரின் பார்வை அதனை மீண்டும் தலைக்கு ஏற்றிவிடும்.

முன்னரே இரயிலில் சென்று வந்திருந்த சத்தியப்பிரசாதன், 'வண்டி ஏறுவது பெரும் ஆபத்து. இருக்கையை உயிரைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொள்ளாவிடில் குலுக்கலில் தூக்கி எறியப்படுவாய்' என்று அச்சுறுத்தியிருந்தான். நம் சிறுவன் நெஞ்சம் படபடக்கச் சென்றான். ஏறுதலோ மிக எளிதாக முடிந்தது. வண்டியும் அமைதியாகவே நகர்ந்தது. 'இவ்வளவுதானா!' என்று அவனுக்கு ஏமாற்றமே உண்டாயிற்றாம். பிறர் சொல்லக் கேட்ட உலகம் வேறு, தான் கண்ட உலகம் வேறு என்று அவன் கற்றுக்கொண்ட முதற்பாடம் இதுவே.

போல்பூரில் பொறுக்கிய கற்கள்

முதலிற் சென்ற இடம் வங்கத்தின் போல்பூர். அங்கே தேவேந்திரநாதர் 1863இல் நிலம் பெற்று, ஏழிலைப்பாலை மரங்களின் அருகே தம் தியானத்திற்கென ஓர் இல்லம் அமைத்திருந்தார். சாந்திநிகேதன் என்பது அதன் பெயர். மாலையிற் சென்று சேர்ந்த சிறுவன், அரையிருளில் கண்டு சுவை குறைத்துக்கொள்ளலாகாது என்று பல்லக்கில் கண்களை மூடிக்கொண்டே போனானாம். மறுநாட் காலை ஒளியில் அனைத்தையும் ஒருங்கே காண வேண்டும் என்பது அவன் அவா.

விடிந்தது. நகரப் பிள்ளையாகிய அவன் எதிர்பார்த்த நெல்வயல் அங்கில்லை. எங்கும் பொட்டல் நிலம். ஆயினும் அங்குச் சுண்ணக்கோடு இல்லை! தந்தையார் அவன் திரிவதைத் தடுக்கவேயில்லை. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் குறுமலைகளும் சிற்றாறுகளும் போன்ற தோற்றங்களைக் கண்டு, அவன் தன்னை ஒரு நாடாய்வோனாகவே எண்ணிக்கொண்டான். விதவிதமான கற்களைச் சட்டை மடியில் வாரிக்கொண்டு வந்து தந்தையார்முன் கொட்டினான்.

இவ்விடத்தில் நாம் நின்று சிந்தித்தல் வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை மடி நிறையக் கல்லைப் பொறுக்கி வந்தால் நாம் என்ன சொல்வோம்? 'குப்பையை வெளியே எறி. சட்டையெல்லாம் மண்' என்போம். தேவேந்திரநாதரோ வியந்தார்; எங்கே கிடைத்தன என்று வினவினார். இன்னும் ஆயிரம் ஆயிரம் உள்ளன, நாள்தோறும் கொணர்வேன் என்றான் சிறுவன். அவ்வாறாயின் என் குன்றினை இவற்றால் அழகு செய்யலாமே என்றார் தந்தையார். குளம் வெட்ட முயன்று கைவிட்டபோது குவிந்த மண்மேடு அக்குன்று. அதன் உச்சியில் கிழக்கு நோக்கி அமர்ந்தே அவர் காலைத் தியானம் செய்வது வழக்கம். தம் வழிபாட்டிற்குரிய இடத்தையே மகனின் விளையாட்டுக் கற்களுக்கு ஒதுக்கித் தந்த தந்தை அவர்!

மற்றொரு நாள், பள்ளம் ஒன்றில் ஊற்றுநீர் தெளிந்து ஓடுவதையும், அதில் சிறு மீன்கள் எதிர்நீச்சல் இடுவதையும் சிறுவன் கண்டான். குடிக்கவும் குளிக்கவும் அந்நீரையே கொணரலாமே என்றான். தந்தையார் உடன்பட்டு அவ்வாறே நீர் எடுக்கச் செய்தார். தான் கண்ட ஒன்று இல்லத்திற்குப் பயன்படுகின்றது என்னும் பெருமிதம், தன்னை அறிதலின் முதற்படி.

கடிகாரமும் கணக்கும்

சிறு செலவிற்குரிய சில்லறையை மகன் கையிற் கொடுத்துக் கணக்கெழுதுமாறு பணித்தார் தந்தையார். விலையுயர்ந்த தம் பொற்கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். காலை உலாவில் எதிர்ப்படும் இரவலர்க்கு மகன் கையாலேயே ஈயச் செய்தார்.

விளைவு யாது? கணக்கு ஒரு நாளும் சரியாக வரவில்லை. ஒரு நாள் இருக்க வேண்டியதினும் மிகுதியாகவே பணம் இருந்தது. 'உன்னையே என் காசாளன் ஆக்க வேண்டும். உன் கையில் பணம் வளர்கின்றதே!' என்னும் கருத்துப்பட நகைத்தார் தந்தையார். கடிகாரமோ, மகனது அளவிறந்த ஆர்வத்தால் பழுதுற்று விரைவிலேயே கல்கத்தாவிற்குச் செப்பம் செய்ய அனுப்பப்பெற்றது. பின்னர் மலைவழியில், பெருந்தொகை வைத்த பணப்பெட்டியையே சிறுவனிடம் ஒப்படைத்தார். ஒரு நாள் தங்குமனையை அடைந்ததும் அதனைத் தந்தையாரிடம் சேர்ப்பிக்காமல் மேசைமேல் விட்டுவிட்டான். அதற்குக் கண்டிப்பும் பெற்றான்.

உடன் வந்த பணியாளர் கிசோரியிடம் தந்திருந்தால் பெட்டி பாதுகாப்பாக இருந்திருக்கும், கடிகாரமும் பிழைத்திருக்கும். இஃது அத்தந்தைக்குத் தெரியாததன்று. கடிகாரத்தினும் மகனே விலையுயர்ந்தவன் என்பதும் அவருக்குத் தெரியும். நம்பிக்கையை முன்னதாகவே கொடுத்துவிட்டு, அதற்குத் தகுதி பின்னர் வரும் என்று காத்திருந்தார். தகுதி வரட்டும், பிறகு நம்புவோம் என்று காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க நேரும். நம்பப்பெறாத பிள்ளைக்குத் தகுதி எங்ஙனம் வரும்?

போல்பூரிலேயே, இளந்தென்னை ஒன்றின் அடியில் அமர்ந்து, பிருதிவிராசனின் தோல்வியைப் பொருளாகக் கொண்டு வீரச்சுவை நிறைந்த செய்யுள் நூல் ஒன்றையும் சிறுவன் எழுதினான். அது கிடைக்காமற் போயிற்று. ஆயினும் திறந்த வானத்தின்கீழ் அமர்ந்து எழுதுகையில் தான் ஒரு கவிஞன் என்னும் உணர்வு அவனுக்குள் தோன்றியது. நூல் தொலைந்தாலும் அவ்வுணர்வு தொலையவில்லை.

அரைச்சீட்டும் பொற்கோயிலும்

போல்பூரிலிருந்து அலகாபாத்து, கான்பூர் முதலிய ஊர்களில் தங்கித் தங்கி மேற்கு நோக்கிச் சென்றனர். வழியில் ஒரு பெரிய நிலையத்தில் சீட்டுச் சோதிப்பவர் சிறுவனை உற்று நோக்கினார். அவனுக்கு அரைச்சீட்டு. ஆண்டு பதினொன்றே ஆயினும் தோற்றம் வளர்ந்திருந்தது. அவர் வேறொருவரை அழைத்து வந்தார். இறுதியில் நிலையத் தலைவரே வந்து, 'பையனுக்குப் பன்னிரண்டு கடக்கவில்லையா?' என்றார். 'இல்லை' என்றார் தந்தையார். முழுக் கட்டணம் தர வேண்டும் என்றார் அவர். தந்தையார் கண்கள் சிவந்தன. ஒரு சொல்லும் கூறாது பணத்தாளை எடுத்து நீட்டினார். மீதிச் சில்லறை வந்தபோது அதனை நடைமேடையில் எறிந்தார். சிறு தொகைக்காகப் பொய்யுரைப்பார் என ஐயுற்ற சிறுமையை எண்ணி நிலையத் தலைவர் நாணி நின்றார். வாய்மை பற்றி அன்று தந்தையார் மகனுக்கு அறிவுரை எதுவும் கூறியதாகத் தெரியவில்லை. ஐம்பது அகவையை எட்டியபோதும் மகன் அந்நிகழ்ச்சியை மறக்கவில்லை.

அமிர்தசரசில் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கினர். காலைதோறும் தந்தையும் மகனும் சீக்கியரின் பொற்கோயிலுக்கு நடந்து செல்வர். அங்கு இடையறாது வழிபாட்டுப் பாடல் ஒலித்துக்கொண்டிருக்கும். தேவேந்திரநாதர் அடியவர் நடுவே அமர்ந்து திடீரெனத் தாமும் உடன்பாடத் தொடங்குவார். புதியவர் ஒருவர் தம்முடன் கலந்து பாடுவது கண்டு சீக்கியர் மகிழ்ந்து, கற்கண்டும் இனிப்பும் அளித்து அனுப்புவர். தேவேந்திரநாதர் பிரம்ம சமாஜத் தலைவர். உருவ வழிபாட்டை ஏலாதவர். நம் திருக்கோயில் நெறி அதனின் வேறு. ஆயினும் பிறர் தொழும் இடத்தில் பணிவோடு அமரும் பண்பினை மகனுக்குக் காட்டிய திறம் எந்நெறியார்க்கும் உரியதே.

மாலையில் தோட்டத்தை நோக்கிய தாழ்வாரத்தில் தந்தையார் அமர்வார். பாடுமாறு மகனை அழைப்பார். மரங்களின் ஊடே நிலவு வீழ்ந்திருக்கும். பெகாக் இராகத்தில் சிறுவன் பாட, தலை கவிழ்ந்து கைகூப்பியவாறு தந்தையார் கேட்டிருப்பார். பல ஆண்டுகள் கழித்து, மகன் இயற்றிய இறைப்பாடல் ஒன்றைக் கேட்டு மகிழ்ந்து, மொழியறிந்த அரசன் இருந்தால் பரிசளித்திருப்பான், அவன் இல்லாமையால் நானே தருகின்றேன் என்னும் கருத்துப்படக் கூறி, ஐந்நூறு உரூபாய்க்குக் காசோலை வழங்கியவரும் அவரே. அன்று தாழ்வாரத்தில் கேட்ட செவிகளே பின்னர்ப் பரிசளித்தன.

மலையும் விடியலும்

சித்திரை பிறக்கும் தறுவாயில் டல்ஹௌசி மலை நோக்கிப் புறப்பட்டனர். ஆட்கள் சுமக்கும் டோலிகளில் மலையேற்றம். வழிநெடுகப் படிப்படியாக அமைந்த வயல்களில் பூத்துக் குலுங்கிய பயிர்களைக் கண்டு சிறுவன் கண் இமைக்கவும் மறந்தான். இரவில் தங்குமனை முற்றத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து, தெளிந்த மலைவானத்து விண்மீன்களைத் தந்தையார் ஒவ்வொன்றாய்ச் சுட்டிக் காட்டுவார். கவிஞர் தம் முதுமையில் 1937இல் 'விசுவ பரிசயம்' என்னும் அறிவியல் நூலை எழுதியபோது, அதன் முன்னுரையில் அவ்விரவுகளையே நன்றியுடன் நினைவுகூர்ந்தார். அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து முளைத்த விதை அது!

பக்ரோட்டா என்னும் சிகரத்தில் அவர்கள் இல்லம். வைகாசியை நெருங்கியும் நிழற்புறங்களில் பனி உருகாத குளிர். கீழே தேவதாரு மரக்காடு. இரும்புப் பூண் இட்ட தடியொன்றை ஊன்றிக்கொண்டு சிறுவன் தனியே காட்டினுள் உலவுவான். பன்னூறாண்டு வாழ்ந்த மரங்களின் நடுவே நேற்றுப் பிறந்த தான் அஞ்சாது நடப்பதை எண்ணி வியப்பான். அங்கேதான் 1873 மே 7ஆம் நாள் அவனுக்குப் பன்னிரண்டு நிறைந்து பதின்மூன்றாம் ஆண்டு பிறந்தது.

விடுதலை மட்டுமே அங்கு இருந்தது என்று எண்ணற்க. இருள் பிரியுமுன்னரே தந்தையார் எழுப்பிவிடுவார். நடுங்கும் குளிரில் வடமொழி வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்தல் வேண்டும். கதிர் எழும்போது மகனை அருகில் நிறுத்தி உபநிடதங்களை ஓதுவார். பின்னர் நடை, பின்னர் ஆங்கிலப் பாடம், பத்து மணிக்குப் பனிநீர் போன்ற தண்ணீரில் குளியல். நண்பகற் பாடத்தில் சிறுவன் உறங்கி வழிந்தால் விட்டுவிடுவார். விட்ட அளவில் உறக்கம் எங்கோ ஓடிவிடும்!

சில இரவுகளில் அரைத்தூக்கத்தில் சிறுவன் கண் விழிப்பான். சன்னலுக்கு அப்பால் விண்மீன் ஒளியில் பனிமுடிகள் மங்கலாய்த் தோன்றும். சிவந்த போர்வை போர்த்து, கையில் விளக்கேந்தி, மகன் உறக்கம் கலையாதவாறு மெல்ல அடிவைத்துத் தந்தையார் தியானத்திற்குச் செல்வது தெரியும். 'வழிபடு' என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. வழிபடும் ஒருவரை அவன் கண்டான்.

தந்தையாரைப் பற்றிக் கவிஞர் கூறுவதன் சாரம் இது: அவர் முன்னே ஓர் அளவுகோலை வைத்தாரேயன்றிக் கையில் பிரம்பை ஏந்தவில்லை. மகன் பிழைபடுவானோ என்று அஞ்சவில்லை. உண்மையினின்று விலகியவன் மீண்டும் அதனை அடையக்கூடும்; வெளியிலிருந்து வலிந்து புகுத்தியதை ஏற்றுக்கொண்டவனுக்கோ உண்மைக்குச் செல்லும் வழியே அடைபட்டுவிடும் என்பது அவர் துணிபு.

வீடு திரும்பியவன்

சில திங்கள் கழித்துத் தந்தையார் மலையிலேயே தங்க, கிசோரியின் துணையுடன் மகன் ஊர் திரும்பினான். பணியாளர் கட்டில் அடைபட்டுக் கிடந்தவன், இப்போது அன்னையாரின் அவையில் இடம் பெற்றான். மாலைதோறும் மாடியில் மகளிர் கூடியிருக்க, கண்டதும் கற்றதும் கூறும் பேச்சாளன் ஆனான். வான்மீகியின் மூலத்தையே படித்தவன் என அறிந்து அன்னையார் சாரதா தேவியார் வியந்து, படித்துக் காட்டுமாறு கேட்டார். அவன் கற்றதோ பாடநூலில் இருந்த சிறு பகுதி. அதிலும் பாதி மறந்துவிட்டது. எவ்வாறோ சமாளித்துப் பொருள் கூறினான். அன்னையார் பெருமிதம் தாங்காது மூத்த மகன் துவிஜேந்திரநாதரை அழைத்துக் கேட்கச் செய்தார். அவர் ஏதோ எழுத்துப்பணியில் ஆழ்ந்திருந்தவர். சில அடிகள் கேட்டு, 'நன்று' என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார். சிறுவன் பிழைத்தான்! 1875இல் அவ்வன்னையார் மறைந்தார். ஆதலின், மகன் வாயிலாக அவர் பெற்ற அம்மகிழ்ச்சியும் அப்பயணத்தின் பயனே.

ஒன்றை மறைத்தல் கூடாது. இப்பயணத்தால் இரவீந்திரநாதர் பள்ளியில் முதல் மாணவர் ஆகிவிடவில்லை. பள்ளி முன்னினும் கசந்தது. நாளடைவில் அதனை விட்டே விலகினார். தன்னை அறிதல் வேறு, மதிப்பெண் பெறுதல் வேறு. ஆயினும் கற்கள் பொறுக்கிய அதே போல்பூரில் 1901 டிசம்பர் 22ஆம் நாள் மாணவர் ஐவரைக் கொண்டு, மரநிழலில் கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். அது 1921இல் விசுவபாரதியாக வளர்ந்தது. 2023இல் சாந்திநிகேதன் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. சிறுவனாய்த் தான் பெற்ற விடுதலையைப் பிறர் மக்கட்கும் பெரியவராகி வழங்கினார் எனலாம்.

தோளினின்று இறங்குதல்

நம் சைவ மரபினர்க்கு இக்கருத்துப் புதியதன்று. திருஞானசம்பந்தர் தந்தையார் சிவபாத இருதயரின் தோள்மேல் அமர்ந்து தலங்கள்தோறும் எழுந்தருளியதைச் சேக்கிழார் பாடுகின்றார். திருநெல்வாயில் அரத்துறை நோக்கிச் செல்லும் வழியில், பிள்ளையார் தந்தையார் தோள்மேல் இவர்தலைத் தவிர்த்துத் தம் சிற்றடிகளால் நடந்தருளினார். அடிகள் வருந்தக் கண்டு தந்தையார் உள்ளம் நொந்தார். ஆயினும் நடந்தவர்க்கே அரத்துறையில் முத்துச்சிவிகை கிட்டிற்று. தோள் இனியதே, எனினும் இறங்கி நடக்கும் காலம் ஒன்று உண்டு. அதனைப் பிள்ளை உணர்ந்து கூறும்போது பெற்றோர் தடுத்தலாகாது.

நாம் செய்யத்தக்கவை

இவ்வாண்டு கோடைப் பயணம் புறப்படும் குடும்பத்தார்க்குச் சில கூறுவோம். இவை பெரும்பொருள் வேண்டாதவை.

முதலாவது, பயணக் கணக்கேட்டைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். எரிபொருள், சுங்கச்சாவடிக் கட்டணம், தேநீர், அர்ச்சனைச் சீட்டு, ஏழைக்கு ஈந்த காசு எல்லாம் அதன் கையாலேயே எழுதப்படட்டும். கணக்குப் பிழைத்தால் உறவினர் நடுவே நகையாடற்க. தனியே அமர்ந்து சரிபார்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது, தலங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, தங்கும் பொழுதைக் கூட்டுங்கள். திருச்சுற்றில் தன் விருப்பம்போல் உலவிவர அரைமணி நேரம் கொடுங்கள். திரும்பி வந்ததும் 'என்ன கண்டாய்?' என்று கேட்டுச் செவிசாய்த்துக் கேளுங்கள். நீங்கள் கவனியாத தூணொன்றை அது கண்டிருந்தால் உடன் சென்று நீங்களும் காணுங்கள். விடுதல் என்பது கைவிடுதல் அன்று. குளக்கரையிலும் ஆற்றுத்துறையிலும் மலைவிளிம்பிலும் வாகனம் விரையும் சாலையிலும் பெரியவர் உடன் இருத்தல் கட்டாயம்.

மூன்றாவது, காலையில் ஓர் ஒழுங்கு இருக்கட்டும். எழுதல், நீராடல், ஓதல் ஆகியவற்றைப் பயணத்திலும் தவறாது நீங்கள் செய்யுங்கள். பிள்ளையின் கையிலுள்ள செல்பேசியைக் கண்டிக்கும்முன் உங்கள் கையிலுள்ளதைக் கீழே வையுங்கள். பிள்ளைகள் நம் சொல்லை மறப்பர். நம் செயலைக் கண்டுகொண்டே இருப்பர்.

நான்காவது, வீடு திரும்பியபின் பாட்டியாரிடமோ அண்டை வீட்டாரிடமோ பயணக்கதையைப் பிள்ளையே சொல்லட்டும். இடையில் புகுந்து திருத்தற்க. சொல்லச் சொல்லத்தான் கண்டது தனக்குரியதாகும்.

இவை யாவும் ஆண்மக்கட்கு மட்டும் உரியன அல்ல. 1873இல் அப்பெருமாளிகையிலிருந்து மலைக்குச் செல்லும் வாய்ப்பு ஒரு மகனுக்குக் கிட்டியது. பெண்மக்கள் உள்மாளிகையில் இருந்தனர். இன்று அவ்வேறுபாட்டிற்கு இடமில்லை. பணப்பெட்டியும் கணக்கேடும் வழித்தேர்வும் மகளின் கையிலும் தரப்படுதல் வேண்டும்.

இளையோரே! உங்கட்கும் ஒரு சொல். பெற்றோர் ஒரு பொறுப்பைத் தரும்போது அது சிறிதாகத் தோன்றலாம். கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பதும் சிறு பணியே. அதனை முழு மனத்தோடு செய்யுங்கள். பிழை நேர்ந்தால் மறையாது உரையுங்கள். எதனைச் செய்கையில் பொழுது போவது தெரியாமல் மகிழ்கின்றீர்கள், எதற்கு அஞ்சுகின்றீர்கள், எதில் பொறுமை இழக்கின்றீர்கள் என்று வழியில் உங்களையே நோக்குங்கள். அவ்வாறு நோக்கியவர்க்கு ஊர் திரும்பும்போது ஒரு புதிய நட்பு வாய்த்திருக்கும். அது தம்மோடு தாமே கொண்ட நட்பு.

புறப்படும் நாளில் வண்டியில் மூட்டைகளை எண்ணி ஏற்றுகின்றோம். பிள்ளையை அவற்றோடு சேர்த்து எண்ணாது, வழித்துணையாக எண்ணி அழைத்துச் செல்வோமாக. செலவு இனிதாகுக, தெளிவு பெருகுக!